முஸ்லிம் உரிமை அமைப்பில் இன்டர்ன்ஷிப்: எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மார்ச் பிறந்தால் போதும், ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, இன்டர்ன்ஷிப் கிடைக்குமா? கேஸெல்லாம் பார்க்க விடுவீங்களா? கடைசியில சர்ட்டிஃபிகேட் உண்டா?" மூன்றாவது கேள்விக்காகத்தான் முதல் இரண்டையும் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் தப்பில்லை, நானும் அதற்காகத்தான் போனேன்.

நான் புதுநகரத்துக்காரி. கேரள-தமிழ்நாடு எல்லைப் பக்கம், பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் ரயில் பாதையில் வரும் ஊர். ராவுத்தர்கள் நாங்கள், தமிழ் பேசும் முஸ்லிம்கள். வீட்டில் ராவுத்தர் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோர்ட் காகிதத்தில் இங்கிலீஷ். சட்டம் படிக்கும்போது இப்படி ஓர் அலுவலகத்தில் இன்டர்னாக இருந்தேன், இப்போது அதேபோல் ஒரு சின்ன அலுவலகத்தில் வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகளெல்லாம் டெல்லியில் இருக்கிற பிள்ளைக்கு எழுதியவை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு அதில் பாதி உதவாது. அதனால் இது.

உள்ளே என்ன வேலை நடக்கிறது

கொடி பிடிக்கிற வேலை என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவார்கள். முக்கால்வாசி நேரம் காகிதம்தான். ஒரு சாதாரண நாளில் உள்ளே வருகிறவர்கள் யார் என்று பாருங்கள்: ஸ்காலர்ஷிப் நின்றுபோன பெண், முஸ்லிம் பெயர் என்று தெரிந்ததும் வாடகை வீடு கைவிட்டுப்போன குடும்பம், மகனைப் போலீஸ் கூட்டிப்போய் இரவு முழுக்கத் தகவலே இல்லாத தாய், மாடு ஏற்றிப்போன வண்டியைப் பறிகொடுத்த வியாபாரி, வாட்ஸப்பில் பரவும் வெறுப்புப் பதிவை அச்செடுத்துக்கொண்டு வருகிற மஹல்லாக் கமிட்டி ஆள். இவர்கள் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வருவதைச் சரியாக எழுதி, தேதி போட்டு, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பி, பதில் வந்ததா என்று பின்தொடர்வதுதான் வேலை. வாதாடுவது வக்கீலின் பாடு. நீங்கள் எழுதியது சரியாக இருந்தால்தான் அவர் வாதாட முடியும்.

அமைப்புகளிலும் வகை இருக்கிறது. 2006-இல் தொடங்கிய ஏ.பி.சி.ஆர். போல நாடு முழுக்கச் சட்ட உதவியும் ஆவணப்படுத்தலும் செய்பவை ஒரு வகை. 1976-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய பி.யூ.சி.எல். போல மத அடையாளம் இல்லாத பொது உரிமை அமைப்புகள் இன்னொரு வகை, அங்கும் இதே வழக்குகள் வரும். அப்புறம் ஜமாஅத்தை ஒட்டிய சட்ட உதவிக் குழுக்களும், ஒரு வக்கீல் தன் ஆபீஸிலேயே நடத்துகிற சின்ன டிரஸ்ட்டுகளும். என்னைக் கேட்டால் முதல் இன்டர்ன்ஷிப்புக்குச் சின்ன இடம்தான் நல்லது. பெரிய இடத்தில் ஒரு மாதமும் செய்தித்தாள் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பீர்கள், சின்ன இடத்தில் இரண்டாம் நாளே ஒரு மனிதர் உங்கள் முன்னால் உட்கார்ந்து அழுவார்.

சேருவதற்கு முன் அமைப்பைப் பாருங்கள்

இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பதிவுச் சான்று கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிற இடம் உங்களுக்கு வேண்டாம். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு என்பது எங்கள் பக்கத்தில் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் பாலக்காட்டு ஜில்லாச் சித்தூர் பழைய கொச்சி ராஜ்யம், பாலக்காடு டவுன் பழைய மலபார், அதனால் ஒரே ஜில்லாவுக்குள்ளேயே ஒரு சங்கம் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின் கீழும் இன்னொன்று 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் இருக்கும். பொள்ளாச்சியில் பதிவு என்றால் தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம். டிரஸ்ட் என்றால் டிரஸ்ட் பத்திரம் கேளுங்கள். கணக்கு தணிக்கை ஆகிறதா, வெளிநாட்டுப் பணம் வந்தால் அதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. 2022 செப்டம்பர் கடைசியில் மத்திய அரசு பாப்புலர் ஃப்ரண்ட் ஆஃப் இந்தியாவையும், அதோடு சேர்ந்தவை என்று எட்டு அமைப்புகளையும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான யு.ஏ.பி.ஏ.-இன் கீழ் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை செய்தது. அந்த எட்டில் ஒரு மாணவர் அமைப்பும், மனித உரிமை என்று பெயரிலேயே வைத்திருந்த ஒரு கூட்டமைப்பும் இருந்தன. அந்தத் தடை சரியா தவறா என்று டீக்கடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், ஆனால் தடை செய்த அமைப்பில் உறுப்பினராக இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் தடைப் பட்டியல் இருக்கிறது, பத்து நிமிட வேலை. தெரியாமல் சேர்ந்துவிட்டேன் என்று பிறகு விளக்கிக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வீட்டில் சொல்வது

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கோயம்புத்தூர் என்றால் ஆஸ்பத்திரி, துணிக்கடை, அப்புறம் 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பும். அதற்குப் பிறகு யார் யார் வீட்டுக் கதவு இரவில் தட்டப்பட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு மறக்கவில்லை. "பேப்பர்ல பேரு வர்ற வேலை நமக்கு எதுக்கும்மா" என்றுதான் என் அத்தா சொன்னார். நான் வாதம் செய்யவில்லை, ஒரு சனிக்கிழமை அவரையே அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவர் பார்த்தது இரண்டு இரும்பு அலமாரி, கட்டுக்கட்டாக ஃபைல், ஐம்பது வயதுள்ள ஒரு வக்கீல் அம்மா, பாதி வேலை செய்யும் ஒரு ஃபேன். டீ குடித்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது, "இது வில்லேஜ் ஆபீஸ் மாதிரில்ல இருக்கு" என்றார். அதோடு சரியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் பயம் இருந்தால் இதையே செய்யுங்கள். மறைத்துவிட்டுப் போகாதீர்கள், இந்த ஊர்களில் எதுவும் மறையாது.

கல்லூரிக் காகிதம்

சட்டம் படிக்கிறவர்களுக்குப் பார் கவுன்சில் விதி தெளிவு: மூன்றாண்டுப் படிப்புக்கு மொத்தம் 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், ஒரு ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. தொண்டு நிறுவனத்தில் செய்வதும் கணக்கில் சேரும், ஆனால் படிப்பு முடிவதற்குள் ஒரு தடவையாவது வக்கீலிடம் செய்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024-இல் தொடங்கிய நான்காண்டு டிகிரி படிக்கிறவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் கிரெடிட் உண்டு. அதற்கு எந்த நிறுவனத்தை உங்கள் துறை ஏற்கும் என்பதை, சேர்ந்த பிறகு இல்லை, சேருவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். போன வருஷம் எங்களிடம் ஒரு மாதம் நன்றாக வேலை செய்த ஒரு பையனுக்கு, 'இது எங்கள் பட்டியலில் இல்லை' என்று கல்லூரி கிரெடிட் கொடுக்கவில்லை. அவன் பாவம், மறுபடி ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் போய் உட்கார்ந்து மணி நேரத்தை நிரப்பினான்.

விண்ணப்பக் கடிதத்தில் 'சமூக நீதியில் ஆழ்ந்த ஆர்வம் கொண்டவன்' என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எங்களுக்குத் தெரிய வேண்டியது நான்கு. என்னென்ன மொழி படிக்கத் தெரியும், என்னென்ன எழுதத் தெரியும் (இரண்டும் வேறு வேறு, மலையாளம் பேசுவான், எழுத வராது என்கிற தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் பக்கம் ஏராளம்). எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. தமிழ், மலையாளம் டைப்பிங் வருமா. இதுவரை ஒரு காகித வேலையை முழுசாக முடித்த அனுபவம் உண்டா, அது பாட்டிக்கு விதவை பென்ஷன் வாங்கிக் கொடுத்ததாக இருந்தாலும் சரி. அந்தக் கடைசி வரியை எழுதிய பிள்ளைகளைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன்.

சம்பளம் பெரும்பாலும் கிடையாது. பஸ் காசாவது உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டுக்குத் தினமும் வந்து போவது மாதக் கடைசியில் ஒரு தொகையாக நிற்கும்.

முதல் வாரம்

பழைய ஃபைல் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். படியுங்கள். முடிந்த வழக்கு ஒன்றை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்தால் சட்டப் புத்தகம் தராத ஒன்று கிடைக்கும்: எந்தத் தாள் இல்லாததால் எவ்வளவு மாதம் போனது என்பது. கூடவே அரசியலமைப்பில் 14 முதல் 30 வரை, அதிலும் 15, 21, 22, 25, 29, 30. சச்சார் குழுவின் 2006 அறிக்கையில் கல்வி, வேலைவாய்ப்பு அத்தியாயங்களை மட்டுமாவது புரட்டுங்கள். இந்தச் சமூகம் எங்கே நிற்கிறது என்று அரசே அமைத்த குழு எண்ணிக்கை போட்டுச் சொன்னது அதில் இருக்கிறது.

குற்றச் சட்டங்கள் மாறிய கணக்கையும் மனதில் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று சட்டங்கள், அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். ஆகவே யார் வந்து உட்கார்ந்தாலும் 'என்றைக்கு நடந்தது' என்பதே முதல் கேள்வி.

ரகசியம் காப்பது பற்றி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், வாங்காவிட்டாலும் நடைமுறை ஒன்றுதான். வந்தவர் முகம், பெயர், ஊர் எதுவும் உங்கள் ஃபோனில் இருக்கக் கூடாது. ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தனியாக ஒரு குற்றம். வீட்டில் சாப்பிடும்போது 'இன்னைக்கு ஒரு கேஸ் வந்துச்சு' என்று ஆரம்பிக்காதீர்கள், உங்கள் மாமிக்கு அந்தப் பெண்ணின் மாமியாரைத் தெரிந்திருக்கும்.

முறையீடு எழுதி வாங்குவது

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

நான் இன்டர்னாக இருந்தபோது ஒரு மாட்டு வியாபாரி வந்தார், அறுபது தாண்டியவர். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடித்துக்கொண்டு கோபாலபுரம் வழியாக வரும்போது சில ஆட்கள் வண்டியை மறித்திருக்கிறார்கள். அவர் சொன்னது: "என்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்டானுங்க தங்கம், நான் டயர் மேல போய் விழுந்தேன்." நான் அழகான தமிழில், 'அவரை அவர்கள் தாக்கினார்கள்' என்று எழுதினேன். என் தாளைப் பார்த்து மலையாளத்தில் மனு தயாரித்தவர் அதை 'அடித்தார்கள்' என்று ஆக்கினார். மூன்று வருஷம் கழித்து சாட்சிக் கூண்டில் அந்தப் பெரியவர், முதல் நாள் சொன்ன மாதிரியே, தள்ளிவிட்டார்கள் என்று சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் மனுவைத் தூக்கிக் காட்டி, அடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் காயம் எங்கே, காயச் சான்று எங்கே என்று கேட்டார். பெரியவர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லாத ஒரு மனிதர் பொய்யராக அங்கே நின்றது என் ஒரு சொல்லால்.

அன்றிலிருந்து என் முறை இது. முதல் தடவை அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கேளுங்கள். முதலில் சொல்லும்போது கதை வரிசையில் வராது, கோபம்தான் முன்னால் வரும். இரண்டாம் தடவை எழுதுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. 'பிடிச்சுத் தள்ளினான்' என்றால் 'பிடிச்சுத் தள்ளினான்', 'கெட்ட வார்த்தை சொன்னான்' என்றால் அது எந்த வார்த்தை என்று கேட்டு அதையே எழுதுங்கள், கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. மூன்றாம் தடவை எழுதியதை வாசித்துக் காட்டி, திருத்தி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, தேதியும் நேரமும், எந்த மொழியில் சொன்னார், யார் எழுதியது என்பதையும் போடுங்கள். மொழிபெயர்ப்பு தனித் தாளில் இருக்கட்டும், மூலத்துக்குப் பதிலாக அது போகக் கூடாது.

'அவன் உன்னை அடிச்சானா?' என்று கேட்காதீர்கள், 'அப்புறம் என்ன நடந்தது?' என்று கேளுங்கள். தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: கண்ணால் பார்த்தது, யாரோ சொல்லிக் கேட்டது, அவராக நினைத்துக்கொள்வது. 'முஸ்லிம்னுதான் இப்படிப் பண்ணாங்க' என்பது மூன்றாவது வரிசைக்குப் போகும். அப்படி நினைக்க வைத்த சொல் ஏதாவது அந்த இடத்தில் சொல்லப்பட்டிருந்தால் அந்தச் சொல் முதல் வரிசைக்கு வரும். வழக்கு நிற்பதும் விழுவதும் பல சமயம் இந்த இடமாற்றத்தில்தான்.

நேரம் கேட்டால் எங்கள் பெரியவர்கள் மணி சொல்ல மாட்டார்கள், தொழுகை வேளையைத்தான் சொல்வார்கள். "அசர் தொழுதுட்டுக் கிளம்பினேன், மஃரிப் பாங்கு சொல்றப்ப பிடிச்சுட்டானுங்க." அதை அப்படியே எழுதிவிட்டு, பள்ளிவாசல் காலண்டரில் அன்றைய மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) நேரம் பார்த்துப் பக்கத்தில் குறியுங்கள். காலண்டர் தாளையும் ஃபைலில் சேருங்கள். மணிக்கட்டில் வாட்ச் கட்டிய சாட்சி சொல்லும் 'ஏழு மணி இருக்கும்' என்பதை விட இது துல்லியம்.

மொழிக் குழியையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் மாட்டைப் பட்டியில் அடைப்போம், மலையாளத்தில் பட்டி என்றால் நாய். தமிழில் சம்சாரம் மனைவி, மலையாளத்தில் பேச்சு. தமிழில் அவசரம் என்றால் விரைவு, அங்கே அது வாய்ப்பு. சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் 'என் சம்சாரத்தோட போனேன்' என்று சொன்னவரின் மனுவிலிருந்து ஒரு சாட்சியே காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி

தனியாகப் போகாதீர்கள். நீங்கள் வக்கீல் இல்லை, வக்கீல் மாதிரி பேசவும் கூடாது. வக்கீலோடோ அமைப்பின் பொறுப்பாளரோடோ போய், பார்த்துக் குறிப்பெடுங்கள். ஆனால் சில விஷயங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இரவு பத்து மணிக்கு ஃபோன் வரும்போது புத்தகம் புரட்ட நேரம் இருக்காது.

எல்லையில் அடிக்கடி கேட்கிற பதில், "அது தமிழ்நாட்டுப் பக்கம், அங்க போங்க." அங்கே போனால், "ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா." குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று ஊரில் சொல்வது இதைத்தான். பதிவு செய்த எஃப்.ஐ.ஆரின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால் எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் ஒன்றும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட். கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது.

யாரையாவது பிடித்துவிட்டார்கள் என்று ஃபோன் வந்தால் கேட்க வேண்டியது: எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யார் பார்த்தது, சீருடையில் வந்தார்களா, எந்த வண்டி, நோட்டீஸ் ஏதும் கொடுத்தார்களா. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாரில் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த 24 மணி நேரத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டுமானால் முதல் ஃபோன் வந்த நிமிடத்தை நீங்கள் குறித்து வைத்திருக்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், 1987-ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் ஆணையச் சட்டத்தில் அது உண்டு. சாட்சியாகக் கூப்பிடுகிற பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். இதை நம் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

அடிபட்டவர் என்றால் முதலில் அரசு ஆஸ்பத்திரி, அப்புறம்தான் நம் அலுவலகம். டாக்டரிடம் 'விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்து நம்மிடம் அடித்தார்கள் என்று சொன்னால் அந்த ஓ.பி. சீட்டே நமக்கு எதிராக நிற்கும்.

ஆர்.டி.ஐ. எழுதுவது

அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கும் ஆர்.டி.ஐ. மனு ஒன்றாவது ஒவ்வொரு இன்டர்னும் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான், ஆகவே அமைப்பின் பெயரில் இல்லாமல் ஒரு ஆளின் பெயரில் எழுதுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், 'எத்தனை, எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி, நகல் தருக' என்று கேளுங்கள். 'சிறுபான்மையினர் ஸ்காலர்ஷிப்பை ஏன் நிறுத்தினீர்கள்?' என்ற கேள்விக்கு ஒரு வரிப் பதில்கூட வராது. 'இந்தக் கல்வியாண்டில் இந்த ஜில்லாவில் வந்த விண்ணப்பம் எத்தனை, அனுமதித்தது எத்தனை, நிராகரித்ததற்குக் குறித்த காரணங்களின் நகல்' என்பதற்குப் பதில் வரும்.

கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969-ஆம் ஆண்டு ஆட்சி மொழிச் சட்டமே இடம் கொடுத்தது. ஆனால் ஆர்.டி.ஐ. சட்டம் இங்கிலீஷ், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சி மொழி என்று எண்ணிச் சொல்கிறது, ஆகவே வம்பு வேண்டாம் என்றால் இங்கிலீஷில் எழுதி, தமிழ் நகலையும் சேர்த்து வையுங்கள். ஒரு ராவுத்தர் குடும்பம் இங்கே மதத்திலும் சிறுபான்மை, மொழியிலும் சிறுபான்மை. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறது, நாம்தான் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

நான் எழுதிய முதல் ஆர்.டி.ஐ. என்ன ஆனது தெரியுமா? உறையில் 'தாலுகா அலுவலகம், சித்தூர்' என்று எழுதி, பின்கோடு போடாமல் பெட்டியில் போட்டேன். அது ஆந்திரச் சித்தூருக்குப் போய், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கழித்து இரண்டு முத்திரையோடு திரும்பி வந்தது. எங்கள் சித்தூர் 678101, ஆந்திரச் சித்தூர் 517001. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை மனுவின் நகலிலேயே ஸ்டேப்ளர் அடியுங்கள்.

எல்லை தாண்டினால் மாறும் சான்றிதழ்

இதற்காகவே தினமும் யாராவது வருவார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5 சதவீதம், லெப்பை என்ற தலைப்பின் கீழ் ராவுத்தரும் மரைக்காயரும் வருகிறார்கள். கேரளத்தில் முஸ்லிம்கள் மொத்தமாகவே பிற்படுத்தப்பட்டோர், அரசு வேலையில் 12 சதவீதம் (கடைநிலை வேலைகளில் 10). ஆந்திரத்தில் பி.சி.-இ என்று 4 சதவீதம், அதற்குத் தனிப் பட்டியல். அத்தா புதுநகரம், அம்மா பொள்ளாச்சி, படிப்பு கோயம்புத்தூர் என்று இருக்கிற பையன் எந்தச் சான்றிதழை எங்கே நீட்டுவான்? ஒரு மாநிலத்தின் சான்று அடுத்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஆந்திரத்துக்குக் கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் இதே தலைவலி. நீங்கள் செய்ய வேண்டியது, அந்தக் குடும்பம் எந்த ஆண்டிலிருந்து எங்கே இருக்கிறது என்பதைப் பழைய ரேஷன் கார்டு, நிலவரி ரசீது, பள்ளி மாற்றுச் சான்று என்று தேதி வரிசையில் அடுக்குவது. அப்புறம் கேரளப் பக்கம் என்றால் அக்ஷயா சென்டர், தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் இ-சேவை மையம். நிராகரித்தால் நிராகரித்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன 'முடியாது'வை எதிர்த்து எங்கேயும் மேல்முறையீடு போட முடியாது.

ஆன்லைன் வெறுப்புப் பதிவு

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. இணைப்பு முகவரி, பதிவிட்ட கணக்கு, நீங்கள் பார்த்த தேதி, நேரம், எந்தச் சாதனத்தில் எடுத்தீர்கள், அசல் கோப்பு எங்கே இருக்கிறது எல்லாம் வேண்டும். கோர்ட்டுக்குப் போகும் மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று தேவை, அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்புக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) கேட்கிறார்கள். வாட்ஸப்பில் அனுப்பி வாங்கினால் கோப்பு சுருங்கி ஹாஷ் மாறிவிடும், பென்டிரைவில் அசலாக வாங்குங்கள். அந்தப் பதிவில் போய்ச் சண்டை போடாதீர்கள், 'பாருங்க இந்த அநியாயத்தை' என்று நான்கு குரூப்புக்குத் தள்ளவும் செய்யாதீர்கள். நாள் முழுக்க இதையே பார்த்தால் மனம் கெடும், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலையை யாருக்கும் நான் கொடுப்பதில்லை.

சில்லறை, ஆனால் முக்கியம்

முஸ்லிம் இல்லாத பிள்ளைகள் வரலாமா? தாராளமாக. இதுவரை வந்ததில் முறையீடு எழுதுவதில் கெட்டிக்காரி வடகரப்பதியிலிருந்து வந்த ஒரு கவுண்டர் வீட்டுப் பெண். தெரிந்ததாக எதையும் எடுத்துக்கொள்ளாமல், "இத்தான்னா என்ன? மஹர்னா எவ்வளவு?" என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினாள் (விவாகரத்துக்கோ கணவர் மறைவுக்கோ பிறகு பெண் காத்திருக்கும் காலம் இத்தா, மணமகன் பெண்ணுக்குத் தரும் மணக்கொடை மஹர்). எங்கள் பிள்ளைகள் தெரியும் என்று விட்டுவிடுகிற இடமெல்லாம் அவள் தாளில் நிரம்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் யாருக்கும் சந்திப்பு வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் வந்தவருக்கு டீ நீட்டுவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள். பெண் பிள்ளைகள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் உட்கார வைக்கிற அலுவலகம் நல்ல அலுவலகம் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும், பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் ஜில்லா அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். உரிமை அமைப்பு என்று போர்டு மாட்டியிருப்பதால் உள்ளே எல்லோரும் ஒழுங்கு என்று அர்த்தம் இல்லை. 'சமூகத்துக்குக் கெட்ட பேர் வந்துடும், விடும்மா' என்று யாராவது சொன்னால் அன்றைக்கே வெளியே வந்து எழுதிக் கொடுங்கள்.

முடிக்கும்போது

தினமும் மாலை ஐந்து வரி டைரி எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஃபைல் எண் மட்டும். கல்லூரி அறிக்கை கேட்கும்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டாம், டைரியே அறிக்கை. சான்றிதழில் தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை மூன்றும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, 'பதினோரு முறையீடு எழுதினார், நான்கு ஆர்.டி.ஐ. தயாரித்தார்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடைசி நாள் உங்கள் கையில் பாதியில் இருக்கிற ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்: இதுவரை என்ன ஆனது, அடுத்த தேதி எது, யாரிடம் பதில் பாக்கி. ஃபோனில் இருக்கும் அலுவலகக் கோப்புகளைப் பொறுப்பாளர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு நாள் ஃபோன் வரும். நீங்கள் முறையீடு எழுதிய அந்தப் பெரியவரோ அந்தத் தாயோ, "தங்கம், நம்ம விஷயம் என்னாச்சு?" என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதீர்கள். அலுவலக எண்ணைக் கொடுத்து, ஃபைல் எண்ணைச் சொல்லி, அப்புறம் அலுவலகத்துக்கும் ஒரு தடவை கூப்பிட்டு அவர் கூப்பிட்டாரா என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் கூச்சப்பட்டுக்கொண்டு கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.